பிரெஞ்சில் ஒரு பெண்ணை அழகி என்று சொல்வது எப்படி

பிரான்சில் ஒரு அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. வாடிக்கையாளர் ஒருவர், என்னோடு வேலை பார்த்த பெண்ணைப் பற்றி விசாரித்தார். ‘அவங்க ரொம்ப நல்லவங்க’ என்று சொல்ல நினைத்து ‘எல் எ பொன்’ என்றேன். பொன் என்பது ‘நல்ல’ என்ற சொல்லின் பெண்பால். அகராதிப்படி சரிதான். ஆனால் அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்த அம்மா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். என் கையைத் தட்டிக்கொடுத்து, ‘ஜாந்தீய்னு சொல்லணும், ஜாந்தீய்’ என்று மெதுவாகத் திருத்தினார். பெண்ணைப் பற்றி ‘எல் எ பொன்’ என்பது தெருமுனைப் பையன்கள் அவள் உடம்பைப் பார்த்துச் சொல்லும் கொச்சைப் பேச்சு. அதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பெயர் உமா. புதுச்சேரியில் ஒரு சொல்தா வீட்டில் பிறந்தவள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் 22 ஆண்டுகளாக எஸ்தெத்திசியென் வேலை செய்கிறேன். முகப்பூச்சு, மெழுகால் முடி நீக்குவது, நகம், புருவம் எல்லாம் எங்கள் வேலை. ஊரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பெண்கள் பலர் என்னிடம் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். கை வேலை அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. வாய்தான் தடுமாறுகிறது. அவர்களுக்குச் சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் சொல்லை எழுதுங்கள். வலப்பக்கத்தில் அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வந்தது, யார் யாரிடம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் சொல்லை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். பெண்ணைப் பற்றிய பிரெஞ்சுச் சொற்கள் பக்கத்துச் சொல் மாறினால் பொருளும் மாறிவிடும். என்னை மாட்டிவிட்ட ‘பொன்’னையே பாருங்கள். ‘பொன் ஃபாம்’ என்றால் நல்ல பெண் என்று நினைப்போம். கேட்பவர் காதில் அது ‘அந்தப் பொம்பளை’ என்று விழும். ‘லா பொன்’ என்றால் வீட்டு வேலைக்காரி. அதே சொல் ‘மீன்’ என்ற சொல்லோடு சேர்ந்தால் அருமையான பாராட்டு ஆகிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபாம், ஃபீய்

ஃபாம் என்றால் பெண். எழுத்தில் ‘எ’ இருக்கும், உச்சரிப்பில் ‘ஆ’தான் வரும். ‘மா ஃபாம்’ என்றால் என் மனைவி. பெண்டு, பெண்டாட்டி என்று நம்மிடமும் இந்த உறவு உண்டு, அதனால் எளிதில் மனதில் நிற்கும். ஃபீய் என்றால் சிறுமி, மகள் இரண்டும். ‘மா ஃபீய்’ என்றால் என் மகள். ‘ஜேன் ஃபீய்’ என்றால் இளம்பெண். ஜேன் என்பது இளமை. வயது வந்த பெண்ணைக் குறிக்க ‘ஜேன் ஃபாம்’ என்பது இன்னும் மரியாதை. இந்தத் துணைச்சொற்கள் இல்லாமல் ‘ஃபீய்’ என்று மட்டும் எழுதினால், பழைய பிரெஞ்சில் அது விலைமகளைக் குறிக்கும். ‘ஃபீய் த ஜுவா’ என்பதை நேராகப் பிரித்தால் ‘மகிழ்ச்சியின் பெண்’. பொருள் அதேதான்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், மறைக்க மாட்டேன். ஆணுக்கு மரியாதையாக இருக்கும் சொல், பெண்பாலுக்கு வந்ததும் கெட்டுப்போகிறது. ‘கா’ என்றால் பையன், ஆள். அதன் பெண்பாலான ‘கார்ஸ்’ ஒரு காலத்தில் வெறும் சிறுமிதான், இன்று வசைச்சொல். விளையாட்டுப் பயிற்சியாளர் ‘ஆந்த்ரெனேர்’. அதன் பெண்பால் ‘ஆந்த்ரெனேஸ்’ என்பது, மதுக்கூடத்தில் ஆண்களைக் குடிக்கவைக்க அமர்த்தும் பெண்ணைக் குறிக்கவும் வழங்கிவந்தது. பொதுவாழ்வில் இருக்கும் ஆண் ‘ஓம் பியூப்ளிக்’. அதையே பெண்ணுக்குச் சொன்னால், பழைய வழக்கில் விலைமகள். ‘மெத்ர’ என்று வழக்கறிஞரைக் கூப்பிடுவார்கள். ‘மெத்ரெஸ்’ தொடக்கப் பள்ளி ஆசிரியை. திருமணமான ஆணின் காதலியும் அதே ‘மெத்ரெஸ்’தான். அதனால் உங்கள் பிள்ளையின் ஆசிரியையைப் பற்றிப் பேசும்போது ‘என் மகனின் மெத்ரெஸ்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். ஒரு கணவர் ‘என் மெத்ரெஸ்’ என்று சொன்னால் வீட்டில் பூகம்பம்தான்.

நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வருகிறது. தொழில்பெயர்களின் பெண்பால் வடிவங்களை வெகுகாலம் எதிர்த்துவந்த, பிரெஞ்சு மொழிக்குக் காவலாக இருக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி, 2019 பிப்ரவரி 28 அன்று அவற்றை ஏற்றுக்கொண்டது. ஆகவே வாடிக்கையாளர் தன் தொழிலைச் சொன்னால், அவர் சொன்ன வடிவத்தையே திரும்பச் சொல்லுங்கள். வழக்கறிஞர் ‘அவொகாத்’, இயக்குநர் ‘திரெக்த்ரிஸ்’, எழுத்தாளர் ‘ஓத்ரிஸ்’. அந்த ஒரு சொல்லிலேயே அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

தையல் தொழிலில் இருந்து வந்த ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும். பாரிசின் உடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்த பெண்களை ‘மிதினெத்’ என்றார்கள். மிதி என்பது நண்பகல், தினெத் என்பது சின்னச் சாப்பாடு. மதிய இடைவேளையில் அவசரமாக ஏதோ கொறித்துவிட்டு ஓடுகிறவள் என்று பொருள். இன்று அந்தச் சொல்லுக்கு ‘காதல் கனவு காணும் அப்பாவிப் பெண்’ என்று பொருள் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. 1917 மே மாதம், போர் நடந்துகொண்டிருந்தபோது, சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை கேட்டு பாரிஸ் தெருக்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இந்த மிதினெத்கள்தான். அடுத்த மாதமே, ஜூன் 11 அன்று, உடைத் தொழிலுக்கு அந்த விடுமுறை சட்டமானது. அப்பாவிகள் செய்கிற வேலையா இது? உயர்ரக உடைத் தையல்காரர்களுக்கு இன்றும் வழங்கும் பெயர் ‘பெத்தித் மேன்’, சின்னக் கைகள். அதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

முதல் சொல் மதாம்

அழகைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன் ‘போன்ஜூர் மதாம்’ சொல்லியாக வேண்டும். கடையில், பேருந்தில், மருத்துவமனையில், எங்கேயும். இது இல்லாமல் சொல்லும் பாராட்டு எதுவும் பாராட்டாகக் கேட்காது. மதாம் என்பது ‘என் தலைவி’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டியது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. என் பாட்டி பிரெஞ்சு ஒரு வரி படித்ததில்லை, ஆனால் மதாம் என்று அழகாகச் சொல்வார்.

‘மத்முவாசெல்’ என்பது மணமாகாத பெண்ணை அழைக்கும் சொல். அரசுப் படிவங்களில் இருந்து இதை நீக்கச் சொல்லி, பிரதமர் ஃபிரான்சுவா ஃபியோன் 2012 பிப்ரவரி 21 அன்று சுற்றறிக்கை வெளியிட்டார். ஆண்கள் யாரையும் ‘உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா’ என்று படிவம் கேட்பதில்லை, பெண்களை மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் போராடியதன் பலன் அது. பேச்சில் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்டிமார்கள் பதினைந்து வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவார்கள். நாடகமேடை நடிகைகளை, மணமானாலும் ஆகாவிட்டாலும், அப்படி அழைப்பது பழைய மரபு. ‘கோகோ’ என்று பெயர்பெற்ற உடை வடிவமைப்பாளர் காப்ரியேல் ஷனேலை அவருடைய தொழிற்கூடத்தில் கடைசிவரை மத்முவாசெல் என்றுதான் அழைத்தார்கள். 2001-இல் வந்த ‘கோகோ மத்முவாசெல்’ வாசனைத் திரவியத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் மதாம் போடுங்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும்தான்.

படிவம் நிரப்பும்போது நம் பெண்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. ‘நோன் த நெசான்ஸ்’ என்றால் பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர். ‘நோன் துயுஸாஜ்’ என்றால் புழக்கத்தில் வைத்துக்கொள்ளும் பெயர். கணவர் பெயரைப் பயன்படுத்த விரும்பினால் இரண்டாவது கட்டத்தில் எழுதலாம், விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பிறப்புப் பதிவில் இருக்கும் பெயரைத் தவிர வேறு பெயர் யாருக்கும் இல்லை என்று புரட்சிக் காலத்திலேயே, 1794-இல், சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் பெண் தன் பெயரைச் சாகும்வரை இழப்பதில்லை. இதைத் தெரியாமல் கணவர் பெயரை முதல் கட்டத்தில் எழுதி, கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் அறிவேன்.

பெல், அதன் குடும்பம்

சரி, அழகுக்கு வருவோம். ஆணுக்கு ‘போ’, பெண்ணுக்கு ‘பெல்’. பெரும்பாலான பிரெஞ்சுப் பெயரடைகள் பெயருக்குப் பின்னால் வரும். இது முன்னால் வரும்: பெல் ஃபாம், அழகான பெண்.

இதைச் சொல்லும்போது உதட்டைக் கவனியுங்கள். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான், பிரெஞ்சில் ஒலி இரண்டு. பெல்லில் வருவது ‘பஸ்’ என்பதில் வரும் ப. அதைப் ‘பல்’ என்பதில் வரும் ப-வாக்கிவிட்டால் அந்தச் சொல்லுக்கு மண்வாரி என்று பொருள். ‘என் அழகே’ என்று கூப்பிட நினைத்து ‘என் மண்வாரியே’ என்று கூப்பிட்டுவிடுவீர்கள். அதேபோலத்தான் ‘போ’வும். பஸ்-ப போட்டால் அழகு, பல்-ப போட்டால் தோல், சருமம். எங்கள் வேலையில் இந்த இரண்டு சொல்லும் நாள் முழுக்க வரும். பயிற்சிக்கு வரும் பெண்களைத் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். பஸ்-ப சொல்லும்போது விரலில் அதிர்வு தெரியும்.

பெண்பாலைக் காதால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆண்பாலில் விழுங்கப்பட்ட கடைசி மெய்யொலி பெண்பாலில் வெளியே வரும். சின்னவன் பெத்தி, சின்னவள் பெத்தித். செம்முடி ஆண் ரூ, செம்முடிப் பெண் ரூஸ். கடைசி ஒலியைக் கடித்துச் சொல்லுங்கள். பாதியில் விட்டால் பெண்ணை ஆணாக்கிவிடுவீர்கள்.

பெல் போகும் இடமெல்லாம் அழகு மட்டும் இல்லை. ‘பெல்மேர்’ என்று எழுத்தில் சிறுகோடு போட்டு வந்தால் மாமியார். நேராகப் பிரித்தால் ‘அழகான அம்மா’. மருமகள் ‘பெல்ஃபீய்’, அழகான மகள். நாத்தனாரும் மைத்துனியும் ‘பெல்சேர்’. இடைக்காலத்தில் மரியாதைக்காக உறவுப்பெயரின் முன் அழகைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருந்தது, அது இங்கே தங்கிவிட்டது. பெல்மேர் என்றால் அப்பாவின் இரண்டாம் மனைவியும்தான், பெல்ஃபீய் என்றால் கணவரின் முந்தைய திருமணத்து மகளும்தான். வாடிக்கையாளர் ‘என் பெல்மேர்’ என்றால் யாரைச் சொல்கிறார் என்று ஊகிக்காதீர்கள்.

‘பெல் த நுயி’, இரவின் அழகி, என்பது நம்முடைய அந்திமந்தாரைப் பூ. புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இளஞ்சிவப்பில் பூத்துக்கிடக்கும். பூவைக் காட்டிச் சொன்னால் பூ, பெண்ணைக் காட்டிச் சொன்னால் விலைமகள். அந்திமந்தாரை நிறத்தில் புடவை கட்டி வந்த தோழியைப் பார்த்து ஆசையாக இந்தச் சொல்லை எடுத்துவிடாதீர்கள்.

‘மா பெல்’ என்பது ‘என் அழகே’. பெண்கள் தங்களுக்குள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், நம் ஊரில் ‘கண்ணு’ என்பதுபோல. சந்தையில் காய்கறி விற்கும் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார், எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் தெரியாத ஆண் தெருவில் சொன்னால் அது வேறு விஷயம். பெண்ணைத் தெருவில் பாலியல் பேச்சால் சீண்டுவதை 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. நம் ஊரிலிருந்து வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: வாடிக்கையாளரோ உடன் வேலை செய்பவரோ, மதாம் போதும். மா பெல் வேண்டாம்.

பாராட்டும் முறை

வேலையில் ‘வூ ஸெத் பெல்’, நீங்கள் அழகாக இருக்கிறீர்கள், என்று நான் அநேகமாகச் சொல்வதே இல்லை. தவறான வாக்கியம் இல்லை. ஆனால் கேட்பவர் எப்படிப் பதில் சொல்வது என்று கூச்சப்படுவார். அவர் செய்ததைப் பாராட்டுங்கள், இன்று தெரிவதைப் பாராட்டுங்கள். அதற்கு இருக்கும் வாக்கியங்கள் இவை.

‘ஸா வூ வா த்ரே பியேன்’: இது உங்களுக்கு ரொம்பப் பொருந்துகிறது. உடை, கண்ணாடி, முடிவெட்டு எதற்கும் சொல்லலாம். புதிதாக வருபவர் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டியது இதுதான்.

‘வூ ஸாவே பொன் மீன்’: முகத்தில் களை தெரிகிறது, ஆரோக்கியமாக இருக்கிறீர்கள். மீன் என்றால் முகத்தோற்றம். தமிழர்கள் மறக்கவே முடியாத வாக்கியம் இது, பொன்னும் மீனும் சேர்ந்து வருகிறது! (பஸ்-ப நினைவிருக்கட்டும்.) நோயிலிருந்து மீண்டு வந்தவருக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. கீமோ சிகிச்சை முடித்து, முடி திரும்ப வளரத் தொடங்கியபோது புருவம் திருத்த வந்த ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார்.

‘வூ ஸெத் ஸாங் போத்தே’: இன்றைக்கு அழகு பொலிகிறீர்கள். கொஞ்சம் பழைய நடை. கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்பவரிடம் சொல்லிப் பாருங்கள்.

‘ஜோலி’ என்பது பெல்லைவிட ஒரு படி இலகுவான அழகு. ‘மிஞொன்’ குழந்தைக்கும் பூனைக்குட்டிக்கும் ஏற்றது, ஐம்பது வயது மேலாளருக்கு ஏற்காது. ‘எலெகாந்த்’ யாருக்கும் தைரியமாகச் சொல்லலாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது மிகப் பிடிக்கும். ‘ஷிக்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாது. ‘பா மால்’ என்று ஒருவர் உங்கள் வேலையைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். ‘மோசமில்லை’ என்று நமக்குக் கேட்கும், அவர்கள் வாயில் அது நல்ல பாராட்டு. ‘ஜோலி லெத்’ என்ற சொல்லுக்கு ‘அழகான அழகற்றவள்’ என்று நேர்ப்பொருள். இலக்கணப்படியான முகம் இல்லாமலே பார்ப்பவரைக் கட்டிப்போடும் பெண். புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், யார் முகத்துக்கு நேரேயும் சொல்லாதீர்கள்.

நம் புலவர்களின் மான்விழி இங்கேயும் இருக்கிறது, ‘யே த பீஷ்’. பீஷ் என்றால் பெண்மான். கண் மை போட்டு முடித்ததும் கண்ணாடியைக் காட்டிச் சொல்வேன். நமக்குத் துடியிடை, அவர்களுக்குக் குளவியிடை, ‘தாய் த கெப்’. நேர்த்தியாகத் தைப்பவருக்கு ‘துவா த ஃபே’, தேவதையின் விரல்கள்.

மெழுகு வைக்கும்போது சூட்டைக் கேட்க வேண்டும். ‘ஸே த்ரோ ஷோ?’, ரொம்பச் சூடாக இருக்கிறதா, என்று மெழுகைப் பற்றிக் கேளுங்கள். ‘வூ ஸெத் ஷோத்?’ என்று அவரைப் பற்றிக் கேட்டுவிட்டால் அது காமத்தைப் பற்றிய கேள்வி ஆகிவிடும். வலிக்கும்போது வாடிக்கையாளர்களே ஒரு பழமொழி சொல்வார்கள், ‘இல் ஃபோ சூஃப்ரீர் பூர் எத்ர பெல்’, அழகாக இருக்க வேண்டுமென்றால் துன்பப்பட்டாக வேண்டும். நான் அதை ஒருமுறையும் சொன்னதில்லை. வலிக்காமல் செய்வதுதான் என் வேலை.

நிறம், உடம்பு

‘யூன் ப்ரூன்’ என்றால் மாநிறப் பெண் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது முடியின் நிறம். பால் போன்ற தோலும் கறுத்த முடியும் உள்ள பெண் ப்ரூன்தான். பொன்முடிக்காரி ப்ளோந்த், செம்முடிக்காரி ரூஸ். ப்ரூனில் வரும் உயிர் நம்மிடம் இல்லாத ஒலி. ‘ஊ’ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லுங்கள், வந்துவிடும். நம் தோலைப் பற்றிப் பேச ‘போ மாத்’ என்பார்கள். தோலுக்கான பல்-ப. பளபளப்பு குறைந்த, வெயிலைத் தாங்கும் மாநிறத் தோல் என்று பொருள். அதில் இழிவு எதுவும் இல்லை. முகப்பூச்சு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பழகு, வெள்ளையாக்கும் பூச்சு என்று நம் ஊர்க் கடைகளில் கேட்டுப் பழகிய சொற்களை இங்கே மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள். அந்த மொழிபெயர்ப்பில் நாம் நம்மையே சிறுமைப்படுத்திக்கொள்கிறோம். சின்ன வயதில் என்னைக் ‘கறுப்பி’ என்று கூப்பிட்ட உறவுக்காரர்கள் இருந்தார்கள், அதன் வலி எனக்குத் தெரியும்.

‘என்ன இப்படி இளைச்சுட்டீங்க’, ‘கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க’ என்று அக்கறையோடு ஆரம்பிக்கும் பேச்சையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். எந்தச் சொல் போட்டாலும் சரியாக வராது.

தொழில் சொற்கள்

ஊரில் பியூட்டி பார்லர் என்கிறோம். பார்லர் பிரெஞ்சில் ‘பேசு’ என்ற வினையில் பிறந்து ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது. ஆனால் பிரெஞ்சில் ‘பார்லுவார்’ என்றால் இன்று சிறையில் கைதியைப் பார்த்துப் பேசும் அறை! நாங்கள் வேலை செய்யும் இடம் ‘ஏன்ஸ்தித்யூ த போத்தே’. முடி வெட்டுபவர் ‘குவாஃபேஸ்’. ஒப்பனைக் கண்ணாடி மேசைக்கும் அதே பெயர்.

‘துவாலெத்’ என்றதும் கழிப்பறை நினைவு வருகிறது. அதன் வேர் துணி. ஒப்பனை மேசைமேல் விரித்த சின்னத் துணி துவாலெத். பிறகு அந்த மேசை, பிறகு அலங்காரம் செய்துகொள்வது, கடைசியில்தான் அந்த அறை. ‘ஓ த துவாலெத்’ என்ற வாசனை நீரில் இருப்பது அலங்காரப் பொருள். அதைவிடச் செறிவானது ‘ஓ த பார்ஃபேன்’, அதைவிட லேசானது ‘ஓ த கொலோன்’. பிரெஞ்சுச் சொல்லாகக் கேட்கும் ‘ஷாம்ப்வேன்’, இந்தியில் அழுத்திப் பிடித்துவிடச் சொல்லும் ‘சாம்போ’ ஆங்கிலத்துக்குப் போய் இங்கே வந்தது. வாடிக்கையாளரின் தலையை நீங்கள் பிடித்துவிடும்போது நம் ஊர்ச் சொல்லைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மச்சத்துக்கு ‘க்ரேன் த போத்தே’, அழகின் மணி. தானியமணி போன்ற மணி. இதைக் கேட்ட நாளில் கன்னத்து மச்சத்தை மறைப்பதை நிறுத்திவிட்டேன். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சீமாட்டிகள் கறுப்புப் பட்டுத் துணியை வட்டமாக நறுக்கி முகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பெயர் ‘மூஷ்’, அதாவது ஈ. ஒட்டும் இடத்துக்கு ஏற்பப் பெயரும் உண்டு. நெற்றியில் ஒட்டினால் ‘மாட்சிமை கொண்டவள்’, மூக்கில் ஒட்டினால் ‘துடுக்குக்காரி’, பருவை மறைக்க ஒட்டினால் ‘திருட்டுப் பொருளை ஒளித்து வைப்பவள்’. நெற்றிப் பொட்டைப் பற்றிக் கேட்கும் பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். உடனே பேச்சு களைகட்டிவிடும்.

பெயர்கள்

பிரெஞ்சுப் பெண்பெயரைப் பார்த்து வயதை ஓரளவு சொல்லிவிடலாம். ஜினெத், மொனிக் என்றால் எண்பதைத் தாண்டியவர். நதாலி, சில்வி அறுபதை ஒட்டியவர். செலின், ஒரேலி நாற்பதுகள். லேயா, மனோன் இருபதுகள். ஜாட், அம்பர் தொட்டிலில் இருப்பார்கள். முன்பதிவு ஏட்டில் பெயரைப் பார்த்தே எந்த நாற்காலியைத் தயார் செய்வது என்று முடிவு செய்வேன். இப்படி அலையலையாகப் பெயர் வருவதற்கு ஒரு பின்னணி உண்டு. 1803-ஆம் ஆண்டுச் சட்டம், புனிதர் நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயர்களைத்தான் வைக்க வேண்டும் என்றது. 1993-இல்தான் பெற்றோருக்கு விரும்பிய பெயரை வைக்கும் உரிமை வந்தது.

பல பெயர்கள் நம் பெயர்களோடு கைகோத்து நிற்கின்றன. ஒரோர் விடியல், நம் உஷா. விக்துவார் வெற்றி, நம் விஜயா. மார்கெரீத் ஒரு பூ, அதன் கிரேக்க வேர் முத்து. எஸ்தெல் நட்சத்திரம், நம் தாரா. ‘இசபெல்’லில் பெல் இருக்கிறதே என்று ‘அழகி’ எனப் பொருள் சொல்லிவிடாதீர்கள், அது எலிசபெத் தேய்ந்து வந்தது. ‘எத்’ என்று முடிந்தால் செல்லக்குட்டிப் பெயர். நிக்கோலின் செல்ல வடிவம்தான் நாளடைவில் கொலெத் ஆனது. காத்ரின் என்ற பெயருக்கு நவம்பர் 25 திருநாள். இருபத்தைந்து வயதாகியும் மணமாகாத பெண்கள் அன்று ‘காத்ரினெத்’. பச்சையும் மஞ்சளுமாக விசித்திரமான தொப்பி போட்டுக்கொள்வார்கள். பாரிசின் உடைத் தொழிற்கூடங்களில் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

நம் பெயரை இங்கே எழுதும்போது கவனம் வேண்டும். பிரெஞ்சில் ‘ஹ’ ஒலி கிடையாது. ஹேமா ‘ஏமா’ ஆகிவிடுவாள். ‘உ’ ஒலிக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும். யு மட்டும் எழுதினால் ப்ரூனில் வரும் அந்த ஒலிதான் வரும். புதுச்சேரிக்காரர்கள் லட்சுமியையும் முருகனையும் இரண்டெழுத்து போட்டு எழுதுவது இதனால்தான். சீதா என்று பெயர் வைத்தால் ‘டி’ (D) எழுத்து போட்டுவிடாதீர்கள். அப்படி எழுதினால் எய்ட்ஸ் நோய்க்கு பிரெஞ்சில் வழங்கும் ‘சிடா’ என்ற சொல் அப்படியே வந்துவிடும், பள்ளியில் குழந்தை படாத பாடுபடும். ஏற்கெனவே பதிவாகிவிட்டால் கவலை வேண்டாம். 2016 நவம்பர் சட்டத்துக்குப் பிறகு, முதல் பெயரை மாற்ற நீதிமன்றம் போக வேண்டியதில்லை, தக்க காரணத்தோடு நகராட்சியில் விண்ணப்பித்தால் போதும்.

அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாவதால், மருத்துவமனையில் ‘மதாம் சுப்ரமணியன்’ என்று கூப்பிடும்போது எழுந்து நிற்கவும் பழக வேண்டும். நானும் பழகிவிட்டேன். ஆனால் என் முதல் பெயரை மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. யாராவது ‘யுமா’ என்றால், ‘ஊமா, மதாம்’ என்று சிரித்துக்கொண்டே திருத்துவேன். அதே மரியாதையை அவர்களுக்கும் கொடுப்பேன். புதிய வாடிக்கையாளர் பெயர் வாயில் நுழையாவிட்டால் ‘கோமான் ஸா ஸ ப்ரொநோன்ஸ்?’, இதை எப்படிச் சொல்ல வேண்டும், என்று கேட்டு, அவர் சொன்னபடி நோட்டின் வலப்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். அடுத்த முறை அவர் கதவைத் திறக்கும்போது ‘போன்ஜூர் மதாம்’ என்று சொல்லி அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வேன்.